மேஸ்திரி ஏன் வானத்தையே பார்க்கிறார்?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ராத்திரி முழுக்க மழை கொட்டினால், காலையில் எழுந்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள்? எனக்குத் தெரியும். பல் தேய்ப்பதற்கு முன்பே டி.வி.யைப் போட்டு, 'பள்ளிகளுக்கு விடுமுறை' என்று கீழே எழுத்து ஓடுகிறதா என்று பார்ப்பீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியையாக இருந்த நானும் அதைத்தான் பார்த்துக் கொண்டிருந்தேன். வெளியே சொல்லிவிடாதீர்கள்!

ஆனால், எங்கள் பம்மலில் ஒருவர் இருக்கிறார். விடிவதற்கு முன்பே வாசலில் வந்து நின்று வானத்தைப் பார்ப்பார். பிறகு செல்போனில் வானிலை அறிக்கையைப் பார்ப்பார். அதில் நம்பிக்கை வராமல் மறுபடியும் வானத்தைப் பார்ப்பார். "கடவுளே, இன்னைக்கு லீவு விட்டுடாதே!" என்று வேண்டிக்கொள்கிற மனிதர் அவர். வீட்டு வாசலிலும் நடைபாதையிலும் பேவர் கல் பதிக்கிற மேஸ்திரி. கேட்பவர்களுக்குத் தோட்டமும் போட்டுக் கொடுப்பார்.

பேவர் கல்லைத் தினமும் மிதிக்கிறீர்கள். பள்ளி வளாகத்திலும், பெட்ரோல் பங்க்கிலும், ரயில் நிலையத்திலும், சாம்பலும் சிவப்புமாக, வளைந்து நெளிந்து ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு கிடக்கிறதே, அதுதான். அதைப் பதிப்பவர்கள் மழைக் காலத்தில் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா? நானும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது ஒரு ஐந்தாம் வகுப்புப் பெண். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊர்க் குளிர்காலம்

நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தார்கள் என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மேஸ்திரிக்கு இந்த இரண்டும் இரண்டு வேறு உலகங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்றே மாதங்களில் கொட்டிவிடுகிறது. அப்போது பாதி நாள் வேலை நடக்காது. மார்கழி பிறந்து மழை விட்டதும், "பொங்கலுக்குள்ளே முடிச்சுக் கொடுங்க மேஸ்திரி" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். மார்கழியில் யாரும் புதுமனை புகுவிழா நடத்துவதில்லை அல்லவா? தை பிறந்ததும் வரிசையாக நடத்துவார்கள். அதற்குள் வாசல் தயாராக வேண்டும்! ஆக, முதல் இரண்டு மாதம் வேலை இல்லை, அடுத்த இரண்டு மாதம் தூக்கம் இல்லை.

ஒரு நாள் அவர்களோடு...

நேரில் பார்த்தால்தானே தெரியும்? ஒரு மார்கழிக் காலையில் எங்கள் தெருக்கோடி வீட்டில் நடந்த வேலையை, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ரிட்டயர் ஆனதில் இது ஒரு வசதி.

ஏழரை மணிக்கு 'குட்டி யானை' வந்து நின்றது. பயந்துவிடாதீர்கள், சின்னச் சரக்கு வண்டிக்கு நம் மக்கள் வைத்த செல்லப் பெயர் அது! அதிலிருந்து மண்வெட்டி, கடப்பாரை, பாண்டு, நூல் கண்டு, ரப்பர் சுத்தியல், நீளமான அலுமினியச் சட்டம், கடைசியாக இரண்டு பேர் பிடித்துத் தூக்கும் கனமான ஒரு மோட்டார் எல்லாம் இறங்கின. மேஸ்திரி, கல் பதிப்பவர் இருவர், மண் வெட்டும் ஆள் ஒருவர், சித்தாள் வேலைக்கு ஓர் அக்கா. ஆக மொத்தம் ஐந்து பேர். இவர்களில் ஒருவர் ஒடிசாவிலிருந்து வந்தவர். அக்காவின் சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம்.

முதல் வேலை, கல்லைத் தொடுவது இல்லை. பள்ளம் தோண்டுவது! மேல் மண்ணை வெட்டி எடுத்து, அடித்தரையை இடித்துக் கெட்டிப்படுத்தி, அதன்மேல் ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து கொட்டி மீண்டும் இடிக்கிறார்கள். "கண்ணுக்குத் தெரியற கல்லு ரெண்டரை அங்குலம் டீச்சர். தெரியாம கீழே இருக்கறதுதான் வேலை" என்றார் மேஸ்திரி.

அந்த ஜல்லியைப் பற்றி ஒரு சேதி சொல்லிவிட்டு மேலே போகிறேன். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைப் பக்கத்துக் குன்றுகளின் கருநீலக் கல்லுக்குச் 'சார்னகைட்' என்று பெயர். கல்கத்தாவில் 1690-இல் குடியேறிய ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை, இந்த இனக் கல்லால் ஆனது. இங்கிருந்து அவ்வளவு தூரம் கல் போயிருக்கிறது! தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, 1893-இல் இந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். நாம் தினமும் மிதிக்கும் கல்லுக்கு உலகம் முழுக்க நிலவியல் புத்தகத்தில் இடம் உண்டு! பம்மலிலும் திரிசூலத்திலும் கல் உடைத்து எடுத்த பழைய குவாரிகள், இன்று ஆழமான தண்ணீர்க் குட்டைகளாக நிற்கின்றன. பார்க்க அழகாக இருக்கும், கரை செங்குத்து. இறங்கினால் ஏற முடியாது. அந்தப் பக்கம் குளிக்கப் போகவே கூடாது, சொல்லிவிட்டேன்.

சரி, வேலைக்கு வருவோம். அடுத்து, மட்டம் பார்க்கிறார்கள். நீளமான ஒரு பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை வீட்டுப் படியருகிலும் இன்னொரு முனையைத் தெருக் கதவருகிலும் பிடிக்கிறார்கள். இதற்கு 'டியூப் லெவல்' என்று பெயர். குழாய் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும், உள்ளே காற்றுக் குமிழி இல்லாவிட்டால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஏழாயிரம் ரூபாய்க் கருவி செய்கிற வேலையை எழுபது ரூபாய்க் குழாய் செய்கிறது! அந்த மட்டத்தை இரண்டு பக்கமும் சுவரில் குறித்துவிட்டு, கதவுப் பக்கம் கொஞ்சம் தாழ்த்தி நூல் கட்டுகிறார்கள். பத்து அடிக்கு ஒன்றரை முதல் இரண்டரை அங்குலம் சாய்வு. நம் கண்ணுக்குச் சாய்வே தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

அதன்மேல் ஒன்றரை அங்குலத்துக்கு மணல் படுக்கை. இப்போது ஆற்று மணல் கிடைப்பது அரிது. பாறையைப் பொடித்துச் செய்யும் எம்-சாண்ட் அல்லது கிரஷர் தூள்தான். அலுமினியச் சட்டத்தை இழுத்து மணலைச் சமப்படுத்தியதும், அதன்மேல் யாரும் கால் வைக்கக்கூடாது. ஏற்கெனவே பதித்த கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு, அடுத்த கல்லை முன்னால் வைத்துக்கொண்டே போக வேண்டும். கல்லை மாற்றி மாற்றி எடுத்துக் கொடுக்கும் அக்காவின் கை ஒரு நிமிடம் ஓயவில்லை.

ஒரு கணக்கு போடலாமா? நோட்டை எடுங்கள். வளைவு வளைவாக இருக்கும் 'ஜிக்ஜாக்' கல், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 39 தேவைப்படும். ஒரு கல் சுமார் மூன்றரை கிலோ. நானூறு சதுர அடி முற்றம் என்றால் 37 சதுர மீட்டர். எத்தனை கல்? 37-ஐ 39-ஆல் பெருக்கினால் 1,443. அவற்றின் எடை ஐந்து டன்! ஒரு பெரிய ஆண் யானையின் எடையை, ஓர் அக்கா மூன்று மூன்று கல்லாகத் தூக்கிக் கொடுத்து முடிக்கிறார். கூலி மட்டும் ஆண்களைவிடக் குறைவு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மேஸ்திரியிடமே சொன்னேன். "எல்லா இடத்துலயும் அப்படித்தான் டீச்சர்" என்றார். நான் அவரை விடவில்லை. அது வேறு கதை.

இந்தக் கல் எங்கே பிறந்தது தெரியுமா? நெதர்லாந்தில். அங்கே தெருக்களில் செங்கல் பதிப்பது வழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செங்கல்லுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதற்குப் பதிலாகக் காங்கிரீட்டில் கல் வார்த்துப் பதித்தார்கள். அது உலகம் சுற்றி இப்போது பம்மலுக்கும் வந்துவிட்டது.

மழைத்துளி விழுந்தால்...

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பதினொன்றரை மணிக்கு வடகிழக்கே ஒரு மேகம் கறுத்தது. மேஸ்திரி எழுந்து நின்றார். யாரும் எதுவும் பேசவில்லை. இரண்டு பேர் ஓடிப் போய்த் தார்ப்பாயை இழுத்து வந்து, குவித்து வைத்திருந்த மணலை மூடினார்கள். இரண்டாவது தார்ப்பாய், சமப்படுத்தி வைத்த படுக்கைமேல். முற்றம் ஈரமாவதில் அவர்களுக்குக் கவலை இல்லை. மணல் ஈரமாவதில்தான் கவலை!

ஏன் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். வாய் குறுகிய பாட்டில் ஒன்றில் காய்ந்த மணலை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் மாதிரி உள்ளே இறங்கும். இப்போது மணலைக் கொஞ்சம் நனைத்துவிட்டு ஊற்றுங்கள். வாயிலேயே கட்டியாக அடைத்துக்கொள்ளும். ஒரு பேவர் கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இடைவெளி. கல்லைப் பதித்து முடித்ததும், பொடி மணலைத் தூவிப் பெருக்கி, அந்த இடைவெளிகளை நிரப்புகிறார்கள். பிறகு, அந்தக் கனமான மோட்டாரை மேலே ஓட்டி அதிர வைக்கிறார்கள். மணல் குலுங்கிக் குலுங்கி உள்ளே இறங்கி, கற்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சிமென்ட் வேண்டாம், பசை வேண்டாம்! அந்த மணல் ஈரமாக இருந்தால் உள்ளே இறங்காது. மேலே மட்டும் அடைத்துக்கொண்டு நிற்கும். பார்ப்பதற்கு வேலை முடிந்தது போலத்தான் இருக்கும். மூன்று மாதத்தில் கல் ஆட ஆரம்பிக்கும்.

அடித்தரை களிமண்ணாக இருந்தால் இன்னும் மோசம். ஈரக் களிமண்ணை இடித்தால் கெட்டிப்படாது. பிசைந்த மாவு மாதிரி பிதுங்கும். அதனால்தான் பெருமழை பெய்த மறுநாள் வெயில் அடித்தாலும் வேலை தொடங்க மாட்டார்கள். "வெயில் அடிக்குதே, ஏன் வரலே?" என்று வீட்டுக்காரர் போனில் சத்தம் போடுவார். மேலே காய்ந்திருக்கும், உள்ளே காய்ந்திருக்காது என்று அவருக்குப் புரியவைப்பதும் மேஸ்திரியின் வேலைதான்.

வேலை நடக்காத நாளில் கூலி கிடையாது. ஆனால், வாடகைக்கு எடுத்த மோட்டாருக்கு அன்றைக்கும் வாடகை உண்டு. பாதி நாளில் மழை வந்தால் அரைக் கூலியா, முழுக் கூலியா? இந்தக் கேள்வியில்தான் மேஸ்திரிகளின் குணம் தெரியும். நான் பார்த்த அன்று நல்லவேளையாக மேகம் நாலு துளி தூவிவிட்டு கிண்டிப் பக்கம் போய்விட்டது. எல்லாரும் டீ குடித்தார்கள்.

டொரண்டோவில் ஒரு மாணவன்

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது கனடாவில் டொரண்டோ நகரில் இருக்கிறான். அங்கே இந்தக் கல் பதிக்கும் ஆட்கள் குளிர்காலத்தில் என்ன செய்வார்கள் என்று போனில் கேட்டேன். சிரித்தான். "டீச்சர், இங்கே டிசம்பரில் மண்ணே கல்லாகிவிடும்" என்றான். மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து, மண்வெட்டி இறங்காதாம். கல் பதிக்கிற வேலை வசந்தம் வரை நின்றுவிடும். ஆனால், அந்த ஆட்களில் பலர் சும்மா உட்கார்வதில்லை. தங்கள் லாரியின் முன்னால் பெரிய தகட்டை மாட்டிக்கொண்டு, கடைகளின் வாசல்களிலும் வண்டி நிறுத்தும் இடங்களிலும் பனியைத் தள்ளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ராத்திரி பனி கொட்டினால் விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்ப வேண்டுமாம்.

தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் கூடும். கல்லுக்கு அடியில் தண்ணீர் தேங்கி உறைந்தால், கல்லை அப்படியே மேலே தூக்கிவிடும்! அதனால் அங்கே நம்மைவிட ஆழமாகத் தோண்டி, நிறைய ஜல்லி கொட்டி, தண்ணீர் தேங்காமல் வடிய வைக்கிறார்கள். அங்கேயும் பயம் தண்ணீரைப் பார்த்துத்தான்.

மழை நாளில் நடுகிற செடி

நம் மேஸ்திரிக்குப் பனி தள்ளும் வேலை இல்லை. ஆனாலும், மழை அவரை முழுக்கக் கைவிடுவதில்லை. தோட்ட வேலைக்கு மழைக்காலம் நல்ல காலம்! மண் இளகியிருக்கும். நட்ட செடிக்கு வெயில் சூடு இல்லை. புங்கை, வேம்பு, பூவரசு, மகிழம் எல்லாம் இப்போது நட்டால், சித்திரை வெயில் வருவதற்குள் வேர் பிடித்துவிடும். பாய் மாதிரி சுருட்டி விற்கும் புல்தரையும் லேசான தூறலில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

ஒரே ஆபத்து, தேங்கும் தண்ணீர். வேரும் மூச்சு விடும், தெரியுமா? மண் துகள்களுக்கு நடுவே காற்று இருக்க வேண்டும். அங்கே நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். அதனால் செம்மண்ணையும் எருவையும் கலந்து மேடாக்கி, அதன்மேல் நடுகிறார்கள்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அப்போது இந்த ஆட்களுக்கு வாரக்கணக்கில் மரம் வெட்டி அகற்றும் வேலை. "சாய்ஞ்ச மரத்துல நிறைய, அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் போட்டு இறுக்கின மரம் டீச்சர். வேர் போறதுக்கு வழியே இல்லை. நாங்கதான் போட்டோம், வேற யாரு?" என்றார் மேஸ்திரி. அன்றிலிருந்து எந்த மரத்தைச் சுற்றியும் நாலு பக்கமும் இரண்டடி மண் விடாமல் அவர் கல் பதிப்பதில்லை. வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால், வேலையே வேண்டாம் என்று போய்விடுகிறார். மழைக்காலத்தில் ஒரு வேலையை வேண்டாம் என்று சொல்வது சின்ன விஷயம் இல்லை.

டீச்சர் செய்த தப்பு

இப்போது நான் வெட்கப்படுகிற ஒரு கதையைச் சொல்ல வேண்டும்.

2014 கோடை விடுமுறையில் எங்கள் வீட்டு முற்றத்துக்குப் பேவர் கல் போட முடிவு செய்தேன். நானூறு சதுர அடி. வந்தவர் இதே மேஸ்திரி. "சுவர் ஓரமா மூணு அடி மண்ணா விட்டுடலாம் டீச்சர். மீதியை மணல்மேல் பதிக்கலாம். மழைத்தண்ணி கொஞ்சம் கீழே இறங்கும். கிணறு இருக்கில்ல?" என்றார்.

எனக்குப் பிடிக்கவில்லை. மண் விட்டால் சேறு. மணல்மேல் பதித்தால் சந்தில் புல் முளைக்கும், எறும்பு புற்று வைக்கும். "முழுக்கச் சிமென்ட்மேல் பதிங்க. சந்தையும் சிமென்ட் வச்சு அடைச்சிடுங்க. ஒரு பொட்டு மண் தெரியக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஊருக்கே பாடம் நடத்துகிறவள், மேஸ்திரியிடம் பாடம் கேட்பேனா? அவர் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு நான் சொன்னபடியே செய்தார். முற்றம் கண்ணாடி மாதிரி இருந்தது.

2015 நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் விழுந்த தண்ணீரில் ஒரு சொட்டு கூட மண்ணுக்குள் இறங்கவில்லை. வாசல் வழியாக வெளியேறியது. பக்கத்து வீடு பழைய வீடு, தெருவைவிடத் தாழ்ந்தது. அங்கே தனியாக இருந்த பாட்டியின் அடுப்படிக்குள் எங்கள் வீட்டுத் தண்ணீர் போய் நின்றது. பாட்டி முறத்தால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பரவாயில்லம்மா, மழைதானே" என்றார். அது மழை இல்லை, என் முற்றம் என்று எனக்குத் தெரியும்.

பிறகு டிசம்பர் 1. அன்றிரவை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை எட்டரை மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை! அடையாறு பெருகி, விமான நிலையத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்து விமானங்கள் நின்றன. அனகாபுத்தூர், பொழிச்சலூர் பக்கம் ஆற்றோரத் தெருக்களில் வீடுகள் மூழ்கின.

மறுபடியும் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், அது சரியாக ஒரு லிட்டர். என் முற்றம் 37 சதுர மீட்டர். மழை 490 மில்லிமீட்டர். பெருக்குங்கள்! 18,130 லிட்டர். ஒன்பதாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி இரண்டை என் வாசலில் திறந்துவிட்ட மாதிரி! உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த ஒரு நாள் மழையை எந்த முற்றமும் குடித்திருக்காது. மண் ஏற்கெனவே ஊறிப் போயிருந்தது. ஆனால், அதற்கு முன் நவம்பரில் பெய்த மழையில் ஒரு பகுதியையாவது என் முற்றம் குடித்திருக்கலாம். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாகிவிட்டது. எங்கள் மொட்டைமாடிக் குழாயும் தொட்டியில்தான் இறங்கியது. முற்றத்தை மட்டும் நான் அடைத்து வைத்திருந்தேன்.

2016 தை மாதம் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்வார் என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சிமென்ட் புடிச்சிருக்கு. எடுக்கறப்போ நிறைய உடையும். பரவாயில்லையா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். மணல்மேல் பதித்த கல் என்றால், ஒன்றைக் கிளப்பிவிட்டால் மற்றவை முழுசாக வரும். அப்படியே மறுபடி பதிக்கலாம். என் கல் பாதிக்குப் பாதி உடைந்தது. செலவு இரண்டு மடங்கு.

இப்போது சுவர் ஓரம் மூன்று அடி மண். அதில் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் நிற்கின்றன. மீதி இடத்தில் மணல்மேல் கல். சந்துகளில் புல் முளைக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பிடுங்குகிறேன். எறும்பும் உண்டு. 2019 கோடையில் சென்னை முழுக்கத் தண்ணீருக்குத் தவித்தபோது எங்கள் கிணறும் வற்றியது. ஆனால், எங்கள் தெருவிலேயே கடைசியாக வற்றிய கிணறு அதுதான்.

அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்

2015-இல் என் வகுப்பில் இருந்தவள் அவள். சதுர அடி, சதுர மீட்டர் கணக்கைக் கரும்பலகையில் நான் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். "எப்படிம்மா?" என்றேன். "அப்பாவுக்கு நான்தான் கணக்கு எழுதறேன் மிஸ்" என்றாள். அப்பா யார் என்று கேட்டேன். என் முற்றத்தைப் போட்ட மேஸ்திரி!

அந்த நவம்பரில் ஒரு நாள், வகுப்பில் எல்லாரும் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். தேதி வரிசையாக எழுதி, மழை பெய்த நாளுக்கு எதிரே சின்னக் குடை வரைந்திருந்தாள். அந்த மாதத்தில் குடைகள் இருபதைத் தாண்டியிருந்தன. "இது அப்பா வேலைக்குப் போகாத நாள் மிஸ்" என்றாள். தூறல் விழுந்தாலே லீவுக்காக டி.வி. பார்த்த எனக்கு அன்றைக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

கட்டுமானத் தொழிலாளர்களுக்கு அரசு நல வாரியம் ஒன்று 1994-லிருந்தே இருக்கிறது. அதில் பதிவு செய்தவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை கிடைக்கும். மேஸ்திரி அதுவரை பதிவு செய்திருக்கவில்லை. "அலையறதுக்கு நேரம் ஏது டீச்சர்?" என்றார். "மழை நாளில் போங்க. அன்னைக்கு வேலை இல்லையே!" என்றேன். குடை பிடித்துக்கொண்டு போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தார். உங்கள் தெருவில் கட்டட வேலைக்குப் போகிற அண்ணனோ அக்காவோ இருந்தால், பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பெண் இப்போது பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டாள். நான் நாற்காலி போட்டு வேலை பார்த்தேன் என்றேனே, அன்று சாயங்காலம் அவளும் அங்கே வந்தாள். மோட்டார் ஓடி முடிந்திருந்தது. மேஸ்திரி ஒரு குடம் தண்ணீரைப் படியருகே ஊற்றினார். எல்லாரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் கொஞ்சம் சந்துகளில் இறங்கியது. மீதி, யாருக்கும் தெரியாத அந்தச் சாய்வில் மெதுவாக நகர்ந்து, வேப்பமரத்தைச் சுற்றி விட்டிருந்த மண்ணுக்குள் போய்ச் சேர்ந்தது. தெருப்பக்கம் ஒரு சொட்டு போகவில்லை.

"சாய்வெல்லாம் சரியாத்தான் வைக்கிறார் மிஸ். ரேட்டுதான் கம்மியாப் போடறார். அக்காவுக்கும் சேர்த்து இந்த மாசத்திலிருந்து நான்தான் கணக்கு" என்று சொல்லிவிட்டு, நூல் கண்டைச் சுற்ற ஆரம்பித்தாள்.

மேஸ்திரி எங்களைக் கவனிக்கவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.